வற்றிய ஏரியிலும் சாகாத அல்லி

சென்ற சித்திரையில் மதுராந்தகம் பக்கத்து உழவர் ஒருவர் தேனாம்பேட்டைக்கு வந்திருந்தார். மருத்துவமனையில் கிடந்த உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் என் வீட்டுக்கும் வந்தார். காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஐயா, பள்ளத்து நெலத்துல அல்லி பூந்துடுச்சி. ரெண்டு தபா ஆள் வுட்டு அறுத்துப் பார்த்தேன். மறுபடியும் மறுபடியும் வருது. என்ன மருந்து அடிக்கலாம், சொல்லுங்க."

அவருக்கு இருப்பது ஏரி மடைக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அதில் இருபது சென்ட் தாழ்வான இடம். மழைக் காலத்தில் முழங்கால் அளவுக்கு நீர் நிற்கும்.

"நிலம் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"வெடிச்சிக் கெடக்குதுங்க. சொட்டுத் தண்ணி இல்ல."

"அப்படியானால் அல்லி இப்போது எங்கே?"

"அது போயிடுச்சிங்க. மழை வந்தா வந்துடும்."

"போகவில்லை. உங்கள் வெடிப்புக்குக் கீழே படுத்திருக்கிறது. நீங்கள் அறுத்தது இலையை. அல்லி இருப்பது கிழங்கில்" என்றேன்.

இது ஒன்றும் புதிய செய்தியல்ல. நீர் வற்றியதும் பறவைகள் குளத்தை விட்டுப் பறந்துவிடும், ஆம்பலும் நெய்தலும் குளத்தோடு ஒட்டிக் கிடக்கும் என்று ஒளவையார் மூதுரையில் பாடியதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்தார்கள். உறவின் இலக்கணத்துக்காக ஒளவையார் சொன்ன உவமை அது. ஆனால் தாவர நூல் கண் கொண்டு பார்த்தாலும் அது முழு உண்மை. அல்லியை ஒழிக்க நினைப்பவரும் வளர்க்க நினைப்பவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த உண்மைதான்.

எது அல்லி?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக் கொள்வோம். அல்லி, ஆம்பல், குமுதம், குவளை, நெய்தல், செங்கழுநீர் என்று நம் மொழியில் நீர்ப்பூக்களுக்குப் பல பெயர்கள் உண்டு. ஊருக்கு ஊர் மாற்றியும் வழங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துத் தாவரவியல் பாடத்தில் வரும் "அல்லி வட்டம்" வேறு. அது எந்தப் பூவின் இதழ் அடுக்கையும் குறிக்கும் சொல். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

தாமரையையும் அல்லியையும் பிரித்தறிவது எளிது. தாமரையின் முதிர்ந்த இலையும் பூவும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும். இலை பிளவில்லாத முழு வட்டம். நடுவில் தண்டு ஒட்டியிருக்கும். தண்டில் சிறு முட்கள் உறுத்தும். அல்லியின் இலை நீரின் மேல் படிந்து மிதக்கும். அதன் ஒரு பக்கத்தில், விளிம்பிலிருந்து தண்டு ஒட்டும் இடம் வரை, வெட்டிவிட்டது போல ஒரு பிளவு இருக்கும். தாமரைக் காய் நீருக்கு மேலே நின்று முற்றும். அல்லிக் காயோ நீருக்கு அடியில் முற்றும். தோற்றத்தில் ஒற்றுமை இருந்தாலும் இவை நெருங்கிய உறவுச் செடிகள் அல்ல என்பதே இன்றைய தாவரவியலார் முடிவு.

நம் ஏரிகளில் மிகுதியாகக் காணப்படும் வெள்ளை அல்லிக்கு நிம்பேயா பியூபசென்ஸ் என்று பெயர். 1799-இல் வில்டெனோ என்ற ஜெர்மன் அறிஞர் இட்ட பெயர் அது. பியூபசென்ஸ் என்றால் மென்மயிர் உடையது என்று பொருள். இலையைப் புரட்டி அடிப்பக்கத்தை விரலால் தடவினால் அந்த மயிர் தெரியும். இலை விளிம்பு வாள் பல் போலக் கூர்மையாக இருக்கும். பூ அந்தி சாய்ந்த பின் விரிந்து, மறுநாள் முற்பகல் வெயில் ஏறும்போது கூம்பிவிடும். பூ வெள்ளையாகவும், சில இடங்களில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். செவ்வல்லி எனப்படும் நிம்பேயா ரூப்ராவும் இதே போல இரவில் விரிவதுதான். அதன் இலையிலும் செம்மை ஓடும்.

நீல அல்லி வேறு இனம். நிம்பேயா நௌசாலி என்பது அதன் பெயர். நீலோற்பலம் என்று பாட்டிலும் மருந்து நூலிலும் படிப்பது இதைத்தான். இலையின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். விளிம்பில் கூரிய பல் இருக்காது, நெளிவு மட்டும் இருக்கும். இது பகல் பூ. காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். 1986-இல் இலங்கை தன் தேசிய மலராக ஏற்றது இந்த நீல மலரையே. வங்க தேசமும் வெள்ளை அல்லியைத் தேசிய மலராகக் கொண்டு நாணயத்தில் பொறித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளங்கையளவோ அதைவிடச் சிறியதோ ஆன இலையும், விரல் நுனியளவு வெள்ளைப் பூவும், பூவிதழ் முழுதும் பஞ்சு போன்ற மயிரும் கொண்ட ஒரு செடி குட்டைகளில் மிதக்கும். சிலர் அதையும் அல்லி என்பார்கள். அது அல்லி இனமன்று.

சேற்றுக்குள் நடப்பது என்ன?

சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குதான் இச்செடியின் முதலீடு. கொட்டைப்பாக்கு அளவிலிருந்து சிறிய சேப்பங்கிழங்கு அளவு வரை இருக்கும். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து சேறு இளகியதும் கிழங்கின் முளை கிளம்புகிறது. முதலில் வரும் இலைகள் மெல்லியவை; நீருக்குள்ளேயே நிற்பவை. அவற்றைப் பார்த்து அல்லி என்று சொல்ல முடியாது. அடுத்துத்தான் மிதக்கும் இலைகள் சுருண்ட குழல் போல மேலேறி நீர்மட்டத்தில் விரிகின்றன.

இலை மேலே வந்து விரியும் வரை செடி கிழங்கில் உள்ள மாவைச் செலவழிக்கிறது. விரிந்த பிறகுதான் வெயிலில் உணவு தயாரித்துக் கிழங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. அதாவது முதல் சில வாரங்கள் செலவு, பிறகு வரவு. இந்தக் கணக்கை உழவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். களை எடுக்கும் முறையைச் சொல்லும்போது இது பயன்படும்.

தண்டின் நீளம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. இரண்டடி நீரில் இரண்டடிக்குச் சற்று மேல். நாலடி நீரில் நாலடிக்கு மேல். நீர் ஏறினால் தண்டும் நீளும். வள்ளுவரும் இதைக் கவனித்து உவமை ஆக்கியிருக்கிறார். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஒரே இரவில் ஏரி நாலடி ஏறினால் பழைய இலைகள் மூழ்கி அழுகும். செடி புது இலை விட்டுத்தான் மேலே வர வேண்டும்.

நிலத்துச் செடிகளின் இலைத்துளைகள் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருக்கும். அல்லி இலையின் அடிப்பக்கம் தண்ணீரில் படிந்திருப்பதால், மூச்சுத் துளைகள் எல்லாம் மேற்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. துளைகள் நீரில் அடைபடாதிருக்க மேலே மெழுகுப் பூச்சு. தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே குழாய் குழாயாக ஓட்டைகள் தெரியும். காற்றுப் புகாத சேற்றில் கிடக்கும் கிழங்குக்கும் வேருக்கும் இந்தக் குழாய்கள் வழியாகவே காற்று போகிறது. 1980-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜான் டேசி, அல்லிக்கு உறவான மஞ்சள் நீர்மலர்ச் செடி ஒன்றில் இதை ஆராய்ந்தார். வெயிலில் சூடாகும் இளம் இலைகளில் காற்றழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைத் தண்டு வழியே கிழங்குக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அது முதிர்ந்த இலைகள் வழியாக வெளியேறுகிறது என்று கண்டு வெளியிட்டார். கிழங்கை ஊடுருவி ஒரு காற்றே வீசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பூவின் கதை இதைவிடச் சுவையானது. ஒரு பூ மூன்று நான்கு நாள் விரிந்து கூம்பும். முதல் நாள் அது பெண் பூ. நடுவில் கிண்ணம் போன்ற சூல்முடியில் ஒரு நீர் சுரந்து நிற்கும். வேறு பூவிலிருந்து மகரந்தத்தைச் சுமந்து வரும் வண்டோ தேனீயோ அந்த நீரில் விழுந்தால் மகரந்தம் கழுவப்பட்டுச் சூலைச் சேர்கிறது. வந்த பூச்சி சில வேளை அதிலேயே மூழ்கி இறப்பதும் உண்டு. மறுநாள் அந்த நீர் வற்றி, மகரந்தப் பைகள் வெடிக்கின்றன. இப்போது அது ஆண் பூ. ஒரே பூவின் மகரந்தம் அதே பூவில் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. அல்லியில் தேன் எதிர்பார்த்துப் பெட்டி வைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். தேனீ இதில் எடுப்பது பெரும்பாலும் மகரந்தம்.

சூல் கொண்டதும் பூக்காம்பு வளைந்து சுருண்டு காயை நீருக்கடியில் இழுத்துக்கொள்கிறது. அங்கேயே காய் முற்றி, அழுகி வெடிக்கும். ஒரு காயில் நூற்றுக்கணக்கான சிறு விதைகள். பெரிய காயில் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு விதையையும் காற்றடைத்த மெல்லிய சவ்வுப் பை ஒன்று சுற்றியிருக்கும். அந்தப் பையின் தயவில் விதை சிறிது நேரம் மிதந்து காற்றிலும் அலையிலும் போய், பை அழுகியதும் அமிழ்ந்து சேற்றில் படியும். ஏரியிலிருந்து மடை வழியாக உங்கள் வயலுக்கு அல்லி வருவது இப்படித்தான். யாரும் கொண்டு வந்து நடவில்லை.

பங்குனி, சித்திரையில் ஏரி சுருங்கும். இலைகள் சேற்றோடு ஒட்டிக் காயும். செடி எஞ்சிய சத்தையெல்லாம் கிழங்கில் இறக்கிவிட்டு உறங்கும். மேலே மண் வெடித்தாலும் அரையடி, முக்கால் அடிக்குக் கீழே களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஈரம் போதும். ஒளவையார் பார்த்தது இதைத்தான்.

எந்த இடத்தில் வாழும்?

இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசிய நாடுகள் வழியாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை வெள்ளை அல்லி பரவியிருக்கிறது. எங்கிருந்தாலும் அதன் தேவை ஒன்றே. நிற்கும் நீர் அல்லது மெல்ல நகரும் நீர். ஓரடி முதல் நாலைந்து அடி வரை ஆழம். அடியில் களியும் வண்டலும். நிழல் விழாத வெயில். உப்பு ஏறாத நல்ல நீர். நம் ஏரிகளும் தாங்கல்களும் இந்த அளவுக்கே வெட்டியது போல அமைந்தவை. நம் முன்னோர் அல்லிக்காக ஏரி வெட்டவில்லை என்றாலும், அவர்கள் வெட்டிய ஏரி அல்லிக்குப் பொருந்திவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளத் தேனாம்பேட்டையையே எடுத்துக்கொள்ளலாம். இன்று அண்ணா சாலைக்கு மேற்கே கடைகளும் மாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் இடத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் அதை லாங் டாங்க் என்றார்கள். நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்று பகுதிகளுக்குத் தனிப் பெயரும் இருந்தது. அதை நம்பிச் சுற்றிலும் வயலும் தோட்டமும் இருந்தன. 1920-களில் நகரை விரிவாக்கத் திட்டமிட்டு, ஏரியை வற்றச் செய்து தூர்த்து மனை போடத் தொடங்கினார்கள். தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரிப் படுகையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. லேக் ஏரியா, டாங்க் பண்ட் ரோடு என்ற தெருப் பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்து தியாகராய நகர்த் தெருக்களில் நிற்கிறது. மாம்பலம் கால்வாய் அதைச் சுமக்க முடியாமல் திணறுகிறது.

ஏரி போனால் நாரையும் கொக்கும் வேறு ஏரிக்குப் போகும். கிழங்குக்கு அந்த வசதி இல்லை. அது கிடந்த இடத்திலேயே மண்ணுக்குள் முடிந்துபோகும்.

நகரின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் இன்றும் அல்லியைப் பார்க்கலாம். குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சிய அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற தகுதி கிடைத்தது.

உங்கள் ஊர் ஏரிக்கு இதை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம். ஏரியில் அல்லி பரவலாக இருந்து, இடையிடையே தெளிந்த நீரும் தெரிந்தால், நீர் ஓரளவு நன்றாக இருக்கிறது, ஏரி நிறைந்து வற்றும் சுழற்சியும் கெடவில்லை என்று பொருள். அல்லி இருந்த இடத்தை வெங்காயத்தாமரை மூடிக்கொண்டால் கழிவு நீர் கலக்கிறதா என்று பாருங்கள். வெங்காயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் வேர் சேற்றில் ஊன்றுவதில்லை. நீரில் கரைந்த கழிவுச் சத்தை உண்டு பெருகி, பாய் விரித்தது போல மூடி, கீழே உள்ள அல்லிக்கு வெயில் எட்டாமல் செய்துவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் "களை" என்று சொல்வது தவறு.

தூர் வாரும்போதும் கவனம் வேண்டும். ஏரி வண்டலை வயலுக்கு எடுக்க இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற ஏற்பாடு இருக்கிறது. நல்லது. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே மட்டமாகக் கிணறு போல ஆழமாக்கி, கரையோரம் செங்குத்தாக வெட்டிவிட்டால் அல்லிக்கும், கரையோரம் குஞ்சு பொரிக்கும் மீனுக்கும் இடமில்லாமல் போகும். கரையோரத்தில் சரிவையும், ஆழம் குறைந்த ஒரு பகுதியையும் விட்டு வைப்பது நலம்.

வயலில் புகுந்தால் என்ன செய்வது?

இனி நண்பரின் இருபது சென்ட்டுக்கு வருவோம். அவர் இரண்டு முறை இலையை அறுத்தார். இரண்டு முறையும் இலை நன்கு விரிந்து, பூவும் பூத்த பிறகு அறுத்திருக்கிறார். அதற்குள் கிழங்கு செலவழித்ததைத் திரும்பச் சம்பாதித்துவிட்டது. அறுத்ததில் அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை. கூலி கொடுத்த அவருக்குத்தான் நஷ்டம்.

களைக்கொல்லியை நான் வேண்டாம் என்றேன். நெல்லில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி போன்ற மருந்தை நிற்கும் நீரின் மேல் தெளித்தால் இலை கருகும். சேற்றுக்குள் உள்ள கிழங்கு தப்பிவிட வாய்ப்பு அதிகம். இலைகள் ஒரே சமயத்தில் அழுகும்போது நீரில் உள்ள பிராணவாயு குறைந்து மீன் மிதக்கும். காற்றில் மருந்து அடித்துப் போனால் பக்கத்து வயலில் உள்ள வெண்டை, தக்காளி, பருத்தி, பயறு எல்லாம் இலை முறுக்கிப் போகும். மடை நீர் அடுத்தவர் வயலுக்கும், மாடு குடிக்கும் குட்டைக்கும் போகிறது. இருபது சென்ட்டுக்காக ஊரோடு சண்டை வேண்டாம்.

செய்ய வேண்டியதைக் கோடையில் செய்ய வேண்டும். அல்லி உறங்கும் காலமே அதைப் பிடிக்கும் காலம். நிலம் முழுதும் காய்ந்ததும், கோடை மழை ஒன்று பெய்து பதம் வந்ததும் ஆழமாக உழ வேண்டும். கிழங்குகள் மேலே புரளும். ஏருக்குப் பின்னால் ஆள் நடந்து கூடையில் பொறுக்க வேண்டும். தவறவிட்டவை சித்திரை, வைகாசி வெயிலில் மேலே கிடந்து வற்றும். பத்துப் பதினைந்து நாள் விட்டுக் குறுக்கே மறு உழவு. இந்த வேலைக்குச் சுழல் கலப்பை வேண்டாம். அது கிழங்கைத் துண்டாக்கும். மொட்டு ஒட்டிய துண்டு மறுபடி முளைக்கக் கூடும். கலப்பையோ கொத்துக் கலப்பையோ போதும்.

இதற்குப் பிறகும் மழைக் காலத்தில் சில முளைக்கும். விதை சேற்றில் இருக்கிறதல்லவா? சுருண்ட இலை நீர்மட்டத்துக்கு வந்தவுடனேயே, விரியும் முன், கையால் தண்டைப் பின்தொடர்ந்து சேற்றில் துழாவிக் கிழங்கோடு பிடுங்க வேண்டும். இளஞ்செடி எளிதில் வரும். கிழங்கு வராவிட்டால் தண்டை நீருக்கடியில் அறுத்துவிட்டு, பத்து நாளைக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அறுக்க வேண்டும். வரவு இல்லாமல் செலவு மட்டும் இருந்தால் எந்தக் குடும்பமும் நிலைக்காது, கிழங்கும் அப்படியே. மடைவாயில் ஒரு கம்பி வலையோ, பழைய கொசு வலைத் துணியோ கட்டினால் மிதந்து வரும் விதையில் பெரும்பகுதி தடுக்கப்படும். அதை நாள்தோறும் துடைக்காவிட்டால் மடை அடைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பரை ஒரு கேள்வி கேட்டேன். "அந்த இருபது சென்ட்டில் கடைசியாக நெல் முழுசாக எப்போது வீட்டுக்கு வந்தது?" அவர் சிரித்தார். அஞ்சு வருஷத்தில் இரண்டு வருஷம் வந்தால் அதிகம். மற்ற ஆண்டுகளில் மூழ்கி அழுகிப்போனது. அப்படியானால் பிரச்சினை அல்லி அல்ல, பள்ளம்.

அல்லியால் வருமானம் உண்டா?

இதில் ஆசை காட்டி எழுதுவோர் உண்டு. நான் உள்ளதைச் சொல்கிறேன். பூ வியாபாரத்துக்கு அல்லி ஏற்றதல்ல. தாமரை மொட்டாகவே விலைபோகும். கோயிலுக்கும் கோயம்பேடு சந்தைக்கும் போகும். அல்லியைப் பறித்தால் சில மணி நேரத்தில் கூம்பித் துவண்டுவிடும். தண்டை மாற்றி மாற்றி ஒடித்துத் தோலில் தொங்கவிட்டுச் சங்கிலி மாலை செய்து பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொள்வதற்குத்தான் அது உகந்தது.

உணவாகப் பயன்படும். காயை அழுக வைத்து, விதையைக் கழுவிக் காயவைத்து எடுப்பது அல்லி அரிசி. சங்க காலத்தில் கணவனை இழந்த பெண்கள் நெல்லரிசியைத் தவிர்த்து இதை உண்டார்கள் என்பது புறநானூற்றால் தெரிகிறது. பஞ்ச காலத்தில் கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்களும் உண்டு. வங்காளத்தில் பூத்தண்டைக் கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். நார் உரித்துச் சமைக்கிறார்கள். நம் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரியின் கிழங்கையும் தண்டையும் தின்னவே கூடாது.

கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் திருவார்ப்பு ஊராட்சியில் மலரிக்கல் என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒட்டிய தாழ்வான நெல் வயல்கள். அறுவடைக்குப் பின் வயலில் நீர் நிற்கும்போது, ஆடி, ஆவணி மாதங்களில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் இளஞ்சிவப்பு ஆம்பல் ஒரே பாயாகப் பூக்கிறது. உழவர்களுக்கு அது வெறும் களையாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளாக அதைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். பத்து மணிக்குள் பூ கூம்பிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே வந்து சேருகிறார்கள். வள்ளம் வைத்திருப்பவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். சின்னக் கடைகள் முளைத்தன. காலம் வந்ததும் நீரை இறைத்துவிட்டு, அதே வயலில் நெல் விதைக்கிறார்கள். கிழங்கும் விதையும் சேற்றுக்குள் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கின்றன. எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெல்லும் அல்லியும் ஒரே நிலத்தில் முறை வைத்துக்கொண்டு வாழலாம் என்பதற்கு அது கண் கண்ட சாட்சி.

சிறு உழவருக்குக் கைக்கு எட்டும் வழி, செடியாக விற்பது. சென்னையில் மாடித் தோட்டம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தொட்டியில் ஓர் அல்லி வைக்க ஆசைப்படுகிறார்கள். அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் விற்பவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கலப்பினங்கள். நம் நாட்டு வெள்ளை அல்லியும் நீல அல்லியும் அங்கே அரிது. உங்கள் சொந்த நிலத்துக் கிழங்கைத் தொட்டியில் வளர்த்துக் கொடுத்தால் கேட்பார் இருப்பார்கள். முதலில் ஐந்தாறு தொட்டியில் செய்து பார்த்து, பண்ணைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டு, பிறகு பெருக்குங்கள். கலப்பினச் செடிகளை வாங்கி வந்து ஊர் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியூர்ச் செடி நம் நீல அல்லியை மிஞ்சிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. இலங்கையில் தேசிய மலர் எது, அதைப் போலவே தோன்றும் அயல் செடி எது என்று தாவரவியலார் விளக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

தொட்டி முறை எளியது. இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள சிமெண்டுத் தொட்டி போதும். அடியில் அரையடிக்குக் களிமண். மக்காத எருவைப் போட்டால் நீர் நாறும், பாசி படியும். நன்கு மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். கிழங்கை மண்ணில் படுக்க வைத்து, முளை வெளியே தெரியும்படி அழுத்தி, மேலே ஓரங்குலம் மணல் தூவ வேண்டும். முதலில் நாலங்குலம் நீர்; இலை ஏற ஏற நீரை ஏற்றலாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் இலை வரும், பூ வராது. கொசுவுக்குப் பயந்தே பலர் வாங்கத் தயங்குகிறார்கள். கொசுப் புழுவைத் தின்னும் சிறு மீன் நாலைந்தைத் தொட்டியோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தயக்கம் போகும்.

ஏரியில் இறங்கிக் கிழங்கு எடுப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. ஏரி பொதுச் சொத்து. மீனுக்கும் தாமரைக்கும் குத்தகை விட்டிருப்பார்கள். ஊராட்சியில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். அடுத்தது உயிர் பற்றியது. அல்லி அடர்ந்த நீரில் தண்டுகள் காலைச் சுற்றிக்கொள்ளும். அடியிலோ காலை விடாத சேறு. நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்கியிருக்கிறார்கள். பூவுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் இறங்குவதை ஒருபோதும் விடாதீர்கள். கிழங்கு எடுக்க நீர் வற்றிய காலமே போதுமே!

நண்பர் வைகாசியில் இரண்டு உழவு போட்டார். இருபது சென்ட்டில் மேட்டுப் பக்கமாக இருந்த பன்னிரண்டு சென்ட்டைப் பள்ளத்து மண்ணை எடுத்து மேலும் உயர்த்தி நெல்லுக்கு விட்டார். மிச்சம் எட்டு சென்ட் குட்டையாகிவிட்டது. பொறுக்கிய கிழங்குகளில் ஒரு கூடையை ஈர மணலில் புதைத்து, நிழலில் வைத்திருந்து, மழை விழுந்ததும் அந்தக் குட்டையின் ஓரத்தில் போட்டார். கொஞ்சம் கெண்டைக் குஞ்சும் விட்டிருக்கிறார். நீர்ப்பரப்பில் கால் பங்குக்கு மேல் அல்லி இலை மூடக் கூடாது, மீனுக்கு வெயில் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மார்கழியில் பேசினார். பன்னிரண்டு சென்ட்டில் நெல் கதிர் வாங்கி நிற்கிறதாம். "அல்லி அங்க ஒண்ணு இங்க ஒண்ணு தலை காட்டுது ஐயா. பொண்டாட்டி போய்ப் புடுங்கிக் குட்டையில வுட்டுட்டு வந்துடுது" என்றார்.